பச்சை தெரிகிறது, புரதம் தெரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளால் புரதங்களைக் கண்டறிவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பாடநூல்கள் ‘எதிர்ப்பொருள்’ என்று எழுதினாலும் ஆய்வக மேசையில் எல்லோரும் ஆன்டிபாடி என்றே சொல்வதால், இங்கும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: இளங்கலை உயிர்வேதியியல் படிக்கிறேன். புரதம் ஒளிர வேண்டுமானால் புரதத்துக்கே சாயம் போட்டுவிடலாமே? நடுவில் ஆன்டிபாடி எதற்கு?

ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சாயத்துக்கு அவற்றில் எது உங்களுடையது என்று தெரியாது. கிடைத்த அமினோ தொகுதியில் எல்லாம் ஒட்டி, செல் முழுவதையும் ஒரே வண்ணமாக்கிவிடும். ஆன்டிபாடியோ ஒரு புரதத்தின் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாக்கும் எபிடோப் என்ற சிறு வடிவத்தை மட்டும் பற்றுகிறது. தேடும் வேலை ஆன்டிபாடியுடையது, காட்டும் வேலை சாயத்துடையது.

1941இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியில் சாயத்தை இணைத்து இந்த வழியைத் திறந்தார்கள். முதலில் அவர்கள் எடுத்தது நீலமாக ஒளிரும் ஆந்த்ரசீன் வகைச் சாயம். திசுவுக்கே இயல்பாக ஒரு நீல ஒளிர்வு உண்டு என்பதால் இரண்டையும் பிரித்தறிவது சிரமமாக இருந்தது. அதனால் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனுக்கு மாறினார்கள். திசுவின் சொந்த ஒளிர்வு இன்றும் தொல்லை தருகிறது. அது பற்றிய கேள்வியும் கீழே வருகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. புரதத்தைப் பற்றும் பிரைமரி ஆன்டிபாடியிலேயே சாயம் இருந்தால் நேரடி முறை. பிரைமரி சாயமில்லாமல் இருக்க, அதைப் பற்றும் செகண்டரி ஆன்டிபாடியில் சாயம் இருந்தால் மறைமுக முறை. ஒரு பிரைமரியின்மேல் பல செகண்டரிகள் உட்காரும் என்பதால் மறைமுக முறையில் ஒளி கூடுதலாகக் கிடைக்கும்.

மைக்ராஸ்கோப்பில் நீங்கள் பார்ப்பது சாயத்தை மட்டுமே. சாயம் உள்ள இடத்தில் செகண்டரி இருக்கிறது, செகண்டரி உள்ள இடத்தில் பிரைமரி இருக்கிறது, பிரைமரி உள்ள இடத்தில் உங்கள் புரதம் இருக்கிறது என்பவை மூன்று தனித்தனி ஊகங்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்தாக வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்று அறுந்துபோவதால் வருபவைதான்.

கேள்வி: கவர்ஸ்லிப்பில் வளர்த்த செல்களில் முதன்முறையாகச் செய்யப் போகிறோம். அளவு, நேரத்தோடு முறையைச் சொல்ல முடியுமா?

24 குழித் தட்டில் 12 மி.மீ. வட்டக் கவர்ஸ்லிப்பைப் போட்டு அதன்மேல் செல்களை வளருங்கள். கவர்ஸ்லிப் வாங்கும்போது எண் 1.5, அதாவது 0.17 மி.மீ. தடிமன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான உயர்தர லென்ஸ்கள் அந்தத் தடிமனுக்கே கணக்கிடப்பட்டவை. வேறு தடிமனில் படம் மங்கும். பரப்பில் பாதிக்கு மேல், முக்கால் பங்குக்குள் செல்கள் நிரம்பியிருக்கும்போது எடுங்கள்.

ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, 37 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) பஃபரால் ஒருமுறை அலசுங்கள். குளிர்ந்த பஃபர் பட்டால் செல்லின் சட்டகத்திலுள்ள மைக்ரோடியூபூல்கள் குலையத் தொடங்கும், சில செல்கள் சுருங்கும். அடுத்து, செல்லை அப்படியே நிலைப்படுத்த, பிபிஎஸ்ஸில் கலந்த 4 சதவீத ஃபார்மால்டிஹைடை அரை மி.லி. ஊற்றி, அறை வெப்பநிலையில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். இதை நச்சுப்புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹுட்டுக்குள்தான் செய்ய வேண்டும். அடைத்த ஆம்பூலில் வரும் 16 சதவீதக் கரைசலை நான்கு மடங்கு நீர்க்கச் செய்வது எளிது. பாராஃபார்மால்டிஹைடு தூளிலிருந்து தயாரிப்பதானால் 60 டிகிரியில் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தெளியும்வரை கலக்கி, ஆறியபின் பி.எச். 7.4க்குச் சரிசெய்யுங்கள். பல மாதம் திறந்து கிடந்த பாட்டிலை நம்ப வேண்டாம்.

பிபிஎஸ்ஸால் மூன்று முறை கழுவி, 0.1 மோலார் கிளைசீனில் 10 நிமிடம் வைத்தால் மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு அடங்கும். அது அடங்காவிட்டால் பின்னால் வரும் ஆன்டிபாடியையும் அதே ஆல்டிஹைடு பிடித்து ஒட்டிக்கொள்ளும். புரதம் செல்லுக்குள் இருந்தால் 0.1 முதல் 0.2 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புவகைக் கரைசலில் 10 நிமிடம் வைத்துச் சவ்வைத் துளைக்க வேண்டும். செல்லின் வெளிப்பரப்பிலுள்ள புரதத்துக்கு இந்தப் படி வேண்டாம். டிரைட்டானுக்குப் பதிலாகச் சபோனின் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது போடும் துளைகள், சபோனின் கழுவப்பட்டவுடன் மூடிக்கொள்ளும். ஆகவே ஆன்டிபாடிக் கரைசலிலும் கழுவும் பஃபரிலும் 0.1 சதவீதம் சபோனின் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பிளாக்கிங்குக்கு 5 சதவீத சீரமும் 1 சதவீத பி.எஸ்.ஏ.வும் (மாட்டு அல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம். சீரம், செகண்டரி எந்த விலங்கில் உருவாக்கப்பட்டதோ அந்த விலங்கினுடையதாக இருக்கட்டும். பிரைமரியின் விலங்கிலிருந்து எடுத்த சீரத்தைப் போட்டால், செகண்டரி அந்தச் சீரத்திலுள்ள ஆன்டிபாடிகளையே தேடிப் பிடிக்கும். புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது.

பிரைமரிக்கு முதல் தடவையே ஒரே நீர்ப்பைப் போட்டுப் பார்க்காதீர்கள். 1:100, 1:200, 1:400, 1:800 என்று வரிசையாகப் போடுங்கள். தூய்மைப்படுத்திய ஆன்டிபாடியானால் ஒரு மி.லி.க்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் பொதுவான எல்லை. ஒரு பாராஃபிலிம் துண்டில் 40 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, செல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கவர்ஸ்லிப்பைக் கவிழ்த்து வைத்தால் ஆன்டிபாடி மிச்சமாகும். ஈரத்தாள் விரித்த மூடிய பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். அவசரமென்றால் அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் போதும். பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை கழுவி, 1:500 அல்லது 1:1000 நீர்ப்பில் செகண்டரியை ஒரு மணி நேரம் இருட்டில் வையுங்கள். மறுபடி மூன்று கழுவல். கருவை நீலமாகக் காட்ட 300 நானோமோலார் டாபி சாயம் ஐந்து நிமிடம். கடைசியாக வடிநீரில் ஒருமுறை முக்கி உப்பை நீக்கி, 5 முதல் 8 மைக்ரோலிட்டர் மவுண்டிங் திரவத்தில் ஸ்லைடின்மேல் கவிழுங்கள். இறுகும் வகைத் திரவமானால் 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இத்தனை படிகளிலும் கவர்ஸ்லிப் ஒரு கணம்கூடக் காயக் கூடாது. காய்ந்த விளிம்பில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டும். எவ்வளவு கழுவினாலும் போகாது.

கேள்வி: பிரைமரி போடாத ஸ்லைடும் பளிச்சென்று ஒளிர்கிறது. பிளாக்கிங் நேரத்தைக் கூட்டியும் குறையவில்லை. என்ன செய்வது?

அந்த ஸ்லைடே பாதி விடையைச் சொல்லிவிட்டது: குற்றம் பிரைமரியில் இல்லை. இனி ஆன்டிபாடியே போடாத ஒரு ஸ்லைடை எடுத்து, அதே எக்ஸ்போஷரில் பாருங்கள்.

அதுவும் ஒளிர்ந்தால் செல் அல்லது திசு தானாகவே ஒளிர்கிறது. நீலத்தில் நிகோடினமைடு துணைநொதிகள், பச்சையில் ஃபிளேவின்கள், வயதான திசுவில் லிப்போஃபுஸ்சின் மணிகள், இணைப்புத் திசுவில் கொலாஜன், கழுவப்படாத சிவப்பணுக்கள் என்று பல காரணங்கள் உண்டு. லிப்போஃபுஸ்சினை அடையாளம் காண்பது எளிது: மஞ்சள் கலந்த சிறு மணிகளாக, பச்சை, சிவப்பு இரண்டு சேனலிலும் (ஒவ்வொரு வண்ணத்தையும் தனியாகப் படமெடுக்கும் தடம்) ஒரே இடத்தில் தெரியும். ஆன்டிபாடி வேலைகள் முடிந்தபின் 70 சதவீத எத்தனாலில் கரைத்த 0.1 முதல் 0.3 சதவீத சூடான் பிளாக் பி-யில் 10 நிமிடம் வைத்தால் அது மறையும். ஆல்டிஹைடால் வரும் ஒளிர்வுக்கு அப்போதே கரைத்த 0.1 சதவீத சோடியம் போரோஹைட்ரைடு 10 நிமிடம். குமிழி வரும், கலத்தை மூடிவிடாதீர்கள். இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, தூரச் சிவப்புக்கு, அதாவது அலெக்ஸா 647 போன்ற சாயத்துக்கு மாறுவது. திசுக்கள் அந்தப் பகுதியில் மிகக் குறைவாகவே தானாக ஒளிரும்.

ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு இருட்டாக இருந்து, செகண்டரி மட்டும் போட்டது ஒளிர்ந்தால் செகண்டரியைத்தான் பிடிக்க வேண்டும். முதலில் நீர்ப்பைக் கூட்டி 1:1000, 1:2000 பாருங்கள். அடுத்து, எலித் திசுவில் எலி ஆன்டிபாடியைப் பற்றும் செகண்டரி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்; திசுவிலேயே எலியின் சொந்த ஆன்டிபாடி இருக்கும், அதைத்தான் செகண்டரி பிடிக்கும். மேக்ரோஃபேஜ் போன்ற செல்களில் எஃப்.சி. ஏற்பிகள் ஆன்டிபாடியின் வாலைப் பற்றிக்கொள்ளும். அதற்கான தனி பிளாக்கிங் வேண்டும். பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. ஆட்டு ஆன்டிபாடியைப் பற்றும் செகண்டரிகள் மாட்டு ஆன்டிபாடியையும் பற்றும். பி.எஸ்.ஏ.விலும் பாலிலும் மாட்டு ஆன்டிபாடி கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். பிளாக்கிங் நேரத்தைக் கூட்டக் கூட்டப் பின்னணி கூடுகிறதென்றால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒளிர்வு பரவலாக இல்லாமல் பொட்டுப் பொட்டாக, செல் இல்லாத கண்ணாடியிலும் சிதறிக் கிடந்தால் அது ஆன்டிபாடி திரண்ட துகள். குப்பியை 4 டிகிரியில் 10,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தை மட்டும் எடுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். டாபி நீலம் அழகாகத் தெரிகிறது. புரதத்தின் சேனலில் ஒரே இருட்டு.

நீங்கள் போட்ட செகண்டரி 647 வகையா? அப்படியானால் ஐபீஸில் கண்ணை வைத்துத் தேடாதீர்கள். அது 668 நானோமீட்டர் அருகே ஒளிர்கிறது; மனிதக் கண்ணுக்கு அந்த நிறத்தில் கூர்மை மிகக் குறைவு. கேமராவில் பாருங்கள். பல ‘தோல்விகள்’ இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து பெட்டியிலுள்ள சீட்டுகளை ஒப்பிடுங்கள். முயல் பிரைமரிக்கு எலி ஆன்டிபாடியைப் பற்றும் செகண்டரி போட்டிருந்தால் எதுவும் தெரியாது. பிரைமரி ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடி வகையாக இருந்து, செகண்டரி ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகையின் வால் பகுதியை மட்டும் பற்றுவதாக இருந்தாலும் அதே கதி.

இவை சரியென்றால் எபிடோப்பைப் பாருங்கள். புரதங்களை ஜெல்லில் பிரித்து மெம்பரேனுக்கு மாற்றித் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி செல்லில் பொய்க்கலாம். பிளாட்டில் புரதம் எஸ்.டி.எஸ். என்ற சோப்புவகைப் பொருளால் அவிழ்ந்து நீண்டு கிடக்கிறது. செல்லில் அது மடிந்த நிலையில், ஃபார்மால்டிஹைடின் குறுக்கிணைப்புகளால் கட்டப்பட்டு நிற்கிறது. உள்ளே புதைந்த எபிடோப்பை ஆன்டிபாடியால் தொட முடியாது. நிலைப்படுத்தும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், அல்லது மெத்தனாலுக்கு மாறுங்கள். பாராஃபின் திசுவானால் 10 மில்லிமோலார் சிட்ரேட் பஃபரில், பி.எச். 6.0, 95 டிகிரிக்கு மேல் 20 நிமிடம் சூடாக்கி, அதே பஃபரில் மெல்ல ஆறவிடுங்கள். சில ஆன்டிபாடிகளுக்கு பி.எச். 9 டிரிஸ்-ஈ.டி.டி.ஏ. பஃபர்தான் ஒத்துவரும்.

இருட்டுதான் உண்மையான விடை என்பதற்கும் வாய்ப்பு உண்டு: அந்தச் செல் அந்தப் புரதத்தைச் செய்யாமலே இருக்கலாம். புரதம் நிச்சயம் இருக்கும் என்று தெரிந்த ஒரு செல்லை அதே நாளில் பக்கத்துக் குழியில் வைத்தால்தான் இதைத் தீர்மானிக்க முடியும்.

கேள்வி: மெத்தனாலா, ஃபார்மால்டிஹைடா?

வடிவம் கெடாமல் இருக்க வேண்டுமானால், சவ்வுப் புரதங்களுக்கும் கரையும் புரதங்களுக்கும் ஃபார்மால்டிஹைடு. மைக்ரோடியூபூல் போன்ற சட்டகப் புரதங்களுக்கும், புதைந்த எபிடோப்புக்கும் மைனஸ் 20 டிகிரியில் குளிர்வித்த மெத்தனால், 5 முதல் 10 நிமிடம். மெத்தனால் சவ்வையும் துளைத்துவிடும், டிரைட்டான் தேவையில்லை. ஆனால் கொழுப்பைக் கரைத்துவிடும்; ஜி.எஃப்.பி. என்ற, தானே ஒளிரும் புரதத்தின் ஒளிர்வை மங்கச் செய்யும். ஆக்டின் என்ற சட்டகப் புரதத்தைக் காட்டும் ஃபலாய்டின் மெத்தனாலுக்குப் பிறகு சரியாக ஒட்டாது.

கேள்வி: ஒரே செல்லில் இரண்டு புரதங்களைப் பார்க்க வேண்டும். ஆட்டு ஆன்டிபாடி ஒன்று, எலி ஆன்டிபாடி ஒன்று. கையில் கழுதையில் செய்த ஆட்டு-எதிர் செகண்டரியும், ஆட்டில் செய்த எலி-எதிர் செகண்டரியும் உள்ளன. இரண்டு புரதமும் ஒரே இடத்தில் இருப்பதாகப் படம் சொல்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். எலி-எதிர் செகண்டரி ஆட்டில் செய்யப்பட்டது, அதுவே ஒரு ஆட்டு ஆன்டிபாடி. கழுதையின் ஆட்டு-எதிர் செகண்டரி உங்கள் முதல் பிரைமரியை மட்டுமல்லாமல் அந்தச் செகண்டரியையும் பற்றும். இரண்டு வண்ணமும் ஒரே இடத்தில் வருவதற்கு இதுவே போதும், புரதங்கள் சேர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாச் செகண்டரிகளையும் ஒரே விலங்கில், இங்கே கழுதையில், செய்ததாக வாங்குங்கள். பிற விலங்குகளின் ஆன்டிபாடியைக் கழித்து எடுத்தது, அதாவது ‘கிராஸ்-அட்சார்ப்டு’ என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு பிரைமரியும் எலியில் செய்தவை என்றால், ஒன்று ஐ.ஜி.ஜி.1, மற்றது ஐ.ஜி.ஜி.2ஏ வகையாக இருக்கும்பட்சத்தில் துணைவகையைப் பற்றும் செகண்டரிகளால் பிரிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஒன்றையாவது நேரடியாகச் சாயமேற்றியதாக வாங்குவதே நிம்மதி.

வண்ணக் கசிவையும் சோதியுங்கள். பச்சைச் சாயத்தின் ஒளிர்வு வால்போல நீண்டு ஆரஞ்சு சேனலுக்குள் புகும். பச்சை மட்டும் போட்ட ஸ்லைடை எல்லாச் சேனலிலும் படமெடுங்கள், சிவப்பு மட்டும் போட்டதையும் அப்படியே. பச்சைச் சாயமான அலெக்ஸா 488-உடன் 647 சேர்த்தால் இந்தக் கவலை மிகக் குறைவு. கான்ஃபோக்கல் என்ற லேசர் மைக்ராஸ்கோப்பில் இரண்டு லேசரையும் ஒரே நேரத்தில் விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள்.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் ஒளிரும் செகண்டரி பயன்படுத்துகிறோம். மெம்பரேன் முழுக்கப் புகைபோலப் பின்னணி. சில இடங்களில் வெள்ளைக் கீறல்களும் வருகின்றன.

வேதி-ஒளிர்வுப் பிளாட்டில் பழகிய கையோடு ஒளிரும் பிளாட்டுக்கு வருகிறவர்களுக்கு இது கட்டாயம் நேரும். அங்கே கண்ணில் படாத அழுக்கு இங்கே ஒளிரும். பேனா மையில் குறியிடாதீர்கள், பென்சில் மட்டும். விரல்படாமல் சுத்தமான இடுக்கியால் எடுங்கள். ஜெல்லின் அடியில் ஓடும் புரோமோஃபீனால் நீலக் கோட்டை டிரான்ஸ்ஃபருக்கு முன்பே வெட்டி எறியுங்கள். அது 700 நானோமீட்டர் சேனலில் பளிச்சிடும். புரதத்தின் எடையளவைக் காட்ட ஜெல்லில் ஏற்றும் நீல நிற மார்க்கர்களும் அங்கே ஒளிரும், ஆகவே மார்க்கருக்குப் பக்கத்துத் தடத்தைக் காலியாக விடுங்கள்.

சாதாரண பி.வி.டி.எஃப். மெம்பரேன் தானாகவே ஒளிரும். குறைந்த ஒளிர்வுள்ள வகையை அல்லது நைட்ரோசெல்லுலோஸை எடுங்கள். பிளாக்கிங் கரைசலில் ட்வீன் என்ற சோப்புவகைப் பொருளைச் சேர்க்க வேண்டாம்; ஆன்டிபாடிக் கரைசலில் 0.1 சதவீதம் சேர்த்தால் போதும். பி.வி.டி.எஃப். என்றால் செகண்டரியோடு 0.01 சதவீத எஸ்.டி.எஸ்ஸும் சேர்க்கலாம், புகை தெளியும். செகண்டரி 1:10,000 முதல் 1:20,000 வரை, ஒரு மணி நேரம், இருட்டில். கடைசி அலசல் ட்வீன் இல்லாத டி.பி.எஸ். (டிரிஸ் கலந்த உப்புநீர்) பஃபரில். பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடுகிறவர்கள் பாலைத் தவிர்ப்பது நல்லது. பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்தான்.

கேள்வி: ஆன்டிபாடியில் நாங்களே சாயம் ஏற்ற முடியுமா?

முடியும். ஆனால் குப்பியில் என்ன பஃபர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என்.எச்.எஸ். எஸ்டர் வகைச் சாயம் லைசீனின் அமினோ தொகுதியைத் தாக்கி இணைகிறது. டிரிஸ், கிளைசீன், பி.எஸ்.ஏ. மூன்றிலும் அமினோ தொகுதி உண்டு. அவை இருந்தால் சாயமெல்லாம் அவற்றுக்கே போய்விடும். பிபிஎஸ்ஸுக்கு மாற்றி, 1 மி.கி. ஆன்டிபாடியை ஒரு மி.லி.க்கு 2 மி.கி. அடர்த்தியில், 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட்டில், பி.எச். 8.3இல் எடுங்கள். 1 மி.கி. ஐ.ஜி.ஜி. என்பது சுமார் 6.7 நானோமோல், அதற்குப் பத்து மடங்காக 67 நானோமோல் சாயம். சாயத்தை ஈரமற்ற டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் அப்போதே கரைத்துச் சேருங்கள். நீர் பட்டால் எஸ்டர் சிதைந்துவிடும், நேற்றுக் கரைத்து வைத்தது இன்று உதவாது. இருட்டில் ஒரு மணி நேரம் விட்டு, உப்பகற்றும் ஜெல் தம்பத்தில் இணையாத சாயத்தைப் பிரியுங்கள்.

பிறகு எத்தனை சாய மூலக்கூறு ஏறியது என்று கணக்கிட வேண்டும். அலெக்ஸா 488க்கு ஒரு மாதிரிக் கணக்கு: ஒளி உறிஞ்சல் 280 நானோமீட்டரில் 0.70, 495இல் 0.90 என்று வைத்துக்கொள்வோம். சாயமும் 280இல் சிறிது உறிஞ்சும், அது 495இல் உறிஞ்சுவதில் 0.11 பங்கு. எனவே புரதத்தின் அளவு 0.70 – (0.90 × 0.11) = 0.60. இதை ஐ.ஜி.ஜி.யின் மோலார் உறிஞ்சல் எண்ணான 2,10,000ஆல் வகுத்தால் 2.86 மைக்ரோமோலார் ஆன்டிபாடி. 0.90ஐச் சாயத்தின் உறிஞ்சல் எண்ணான 71,000ஆல் வகுத்தால் 12.7 மைக்ரோமோலார் சாயம். விகிதம் 4.4, நல்ல அளவு. பத்துக்கு மேல் போனால் கூடுதலாக ஒளிரும் என்று எண்ண வேண்டாம். நெருங்கி நிற்கும் சாயங்கள் ஒன்றன் ஒளியை ஒன்று அணைக்கும். எபிடோப்பைப் பற்றும் முனையிலுள்ள லைசீன்களிலும் சாயம் ஏறி ஆன்டிபாடியின் பிடி தளரும்.

கேள்வி: சாயமேற்றிய ஆன்டிபாடியை உறையவைக்கலாமா?

உறைந்து உருகுவது ஆன்டிபாடியைத் திரளச் செய்யும். 4 டிகிரியில், இருட்டில், 0.02 சதவீத சோடியம் அசைடோடு வையுங்கள். மைனஸ் 20இல் வைக்க வேண்டுமென்றால் சம அளவு கிளிசரால் கலந்தால் உறையாது. அப்போது ஆன்டிபாடி பாதியாக நீர்த்துவிட்டது என்பதைக் குப்பியில் எழுதிவையுங்கள்.

கேள்வி: மருந்து கொடுத்த செல்கள் இரண்டு மடங்கு ஒளிர்கின்றன. புரதம் இரண்டு மடங்கானது என்று எழுதலாமா?

முதலில் படத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடத்தை, திறந்து பாருங்கள். 12 பிட் கேமராவில் உச்சம் 4095. கணிசமான பிக்சல்கள் அந்த எண்ணில் முட்டி நின்றால் அந்தப் படத்தை அளவுக்குப் பயன்படுத்த முடியாது. உண்மை மதிப்பு அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. எக்ஸ்போஷரைக் குறைத்து, மிகப் பிரகாசமான ஸ்லைடு உச்சத்தைத் தொடாதபடி அமைத்து, அதே அமைப்பில் எல்லா ஸ்லைடுகளையும் ஒரே நாளில் எடுங்கள். பார்க்கும்போதே சாயம் வெளுக்கிறது. இடத்தைத் தேடுவதை டாபி சேனலில் செய்துவிட்டு, புரதச் சேனலை ஒரே தடவை திறந்து படமெடுங்கள்.

அடுத்து, செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடின் சராசரியைக் கழியுங்கள். பின்னணி 400, ஒரு ஸ்லைடு 600, மற்றது 1200 என்றால் கழித்தபின் 200க்கும் 800க்குமான வித்தியாசம் அது; இரண்டு மடங்கு நான்கு மடங்காகிவிடுகிறது. மருந்து செல்லையே சுருக்கிவிட்டால் அதே அளவு புரதம் சிறிய இடத்தில் நெருங்கி, பிக்சலுக்குப் பிக்சல் பிரகாசமாகத் தெரியும். ஆகவே செல்லின் மொத்த ஒளிர்வை அளக்க வேண்டும், சராசரியை மட்டும் அல்ல. மருந்தே ஒளிரும் தன்மை உடையதா என்பதை, ஆன்டிபாடி போடாத, மருந்து கொடுத்த செல்களில் பாருங்கள். டாக்ஸோருபிசின் ஆரஞ்சு-சிவப்பில் ஒளிரும். அதை மறந்தால் மருந்தையே புரதமென்று அளந்துகொண்டிருப்போம்.

இவற்றுக்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்லில் அதே ஆன்டிபாடியைப் போடுங்கள். அங்கும் ஒளி குறையவில்லையென்றால் அந்த ஆன்டிபாடி வேறெதையோ பற்றுகிறது. ஒளி அணைந்தால், வெஸ்டர்ன் பிளாட்டில் 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று மொத்தப் புரதத்தை வரிசையாக ஏற்றி, பட்டையின் ஒளி நேர்கோட்டில் ஏறும் எல்லையைக் கண்டுபிடித்து, அந்த எல்லைக்குள் இரண்டு மாதிரிகளையும் ஒப்பிடுங்கள். இரண்டு மடங்கு என்ற எண்ணை அந்தப் பிளாட்டிலிருந்து எழுதுங்கள்; செல்லுக்குள் புரதம் எங்கே இருக்கிறது என்பதை மைக்ராஸ்கோப் படத்திலிருந்து எழுதுங்கள்.